கேட்டைப் பூட்டிய வருடம்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு அதிபராகப் போனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினைந்து வருடம் ஹட்டன் நகரத்தில் ஒரு பெரிய பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்கக் கடதாசி கிடையாது. கரும்பலகையில் கேள்விகளை எழுதிப் போட்டு, பழைய கொப்பிகளில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

பாடசாலை என்றால் தேயிலை மலைக்கு நடுவில் இரண்டு நீளக் கட்டிடங்கள், தகரக் கூரை. பெரிய மழை வந்துவிட்டால் பாடம் நின்றுவிடும். கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது. முதலாம் தரத்திலிருந்து பதினொன்றாம் தரம் வரைக்கும் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்கள் பதினொரு பேர். கணிதத்துக்கு ஆளே இல்லை. விஞ்ஞான கூடம் என்று பெயர் எழுதிய அறையில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பொறுப்பேற்ற முதல் வாரமே, என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல் எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கணித ஆசிரியர், கூரைத் தகரம், தளபாடம், கழிவறைக்குக் கதவு. பதில் வந்தது. "வளங்கள் கிடைக்கும்போது கவனிக்கப்படும்." அதை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

சரி, காசில்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது ஒழுங்கு. நகரப் பாடசாலையில் காலை ஏழு நாற்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் வெளியேதான். அங்கே அது நன்றாக வேலை செய்தது. இங்கே பிள்ளைகள் எட்டு மணிக்கும் எட்டேகாலுக்கும் ஒவ்வொருவராகச் சப்பாத்தில் சேறோடு வகுப்புக்குள் நுழைவதைப் பார்த்ததும், இந்தப் பாடசாலை பின்தங்கியதற்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டினேன். காவலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏழு நாப்பதுக்கு மேல யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க. பிள்ளைங்க அழுதாலும் விடாதீங்க."

"சரிங்க டீச்சர்," என்றார் அவர்.

ஒரு மாதத்தில் பிந்தி வருகிறவர்கள் இல்லாமல் போனார்கள். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அதைப் பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகளைக் கை தட்டவும் சொன்னேன். தட்டினார்கள்.

பிறகு ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தது, ஈரம் இன்னும் காயவில்லை. காலில் அட்டை கடிக்காதிருக்கப் பூசிய சவர்க்காரம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. உள்ளே வரச் சொன்னேன். தரை அழுக்காகிவிடும் என்று வாசலிலேயே நின்றார்.

"கங்காணிகிட்ட அரை மணி நேரம் கேட்டுட்டு வந்தேங்க. எம் மகளுக்கு விடுகைப் பத்திரம் வேணும்."

"எந்த ஸ்கூலுக்கு மாத்தப் போறீங்க?"

"ஸ்கூலுக்கெல்லாம் இல்லைங்க. வீட்டுல இருக்கட்டும். கொழும்புல ஒரு வீட்டுல பிள்ளை பார்க்க ஆளு கேக்குறாங்க. அடுத்த வருஷம் அனுப்பலாம்னு இருக்கோம்."

மகள் எட்டாம் தரம். பதின்மூன்று வயது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாறு வயது வரைக்கும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், அது சட்டம், உங்களைப் போன்ற ஆட்களால்தான் நம்முடைய சமூகம் முன்னேறாமல் கிடக்கிறது என்று என்னென்னவோ பேசினேன். அவர் நான் முடித்ததும் சொன்னார்.

"சட்டம் இருக்கட்டுங்க டீச்சர். எம் பிள்ளை ஸ்கூலுக்கு வந்துச்சு. மூணு வாரமா தினமும் வந்துச்சு. நீங்கதான் உள்ள விடல."

அவரே மீண்டும் சொன்னார், இந்த முறை கொஞ்சம் தணிந்த குரலில்.

"ஒரு நாளைக்கு எங்க லயத்துப் பக்கம் வந்து பாருங்க டீச்சர். பிள்ளை எத்தனை மணிக்கு எந்திரிக்குதுன்னு பாருங்க."

அவர் போன பிறகு வரவு இடாப்புகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். பக்கத்தில், நான் வருவதற்கு முன்பிருந்த, பிந்தி வருவோர் பெயர் எழுதும் கொப்பியையும் வைத்தேன். அந்தக் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் பதினேழு. இடாப்பில் அந்தப் பதினேழு பேருக்கும் வரவில்லை, வரவில்லை என்றே விழுந்திருந்தது. பிந்தி வந்தவர்களை நான் நேரத்துக்கு வரவைக்கவில்லை. வராமல் ஆக்கியிருக்கிறேன். அதற்குத்தான் பிள்ளைகளைக் கை தட்டச் சொல்லியிருக்கிறேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. நானும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்கு ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. நான் ஒரு நாளும் பாடசாலைக்குப் பிந்திப் போனதில்லை என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். எங்கள் லயத்துக்கு எதிர்ப்புறம்தான் பாடசாலை என்பதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. மணி அடித்த பிறகு புறப்பட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அன்றே அந்த அம்மாவின் மகளைச் சீருடையோடு தயாராக இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த நாள் டிக்கோயாவில் என் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பிறகு ஓட்டோவில் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏறினேன். லயத்து வாசலில் இறங்கும்போது மணி ஆறேகால். அந்த அம்மா ரொட்டியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். பால் விடாத சாயத்தண்ணி வந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் அவர் படங்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆறரைக்குப் பெரட்டு. அங்கே கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய வேலை இல்லை. கணவர் கொழும்பில் கட்டிட வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்.

இனி அந்த வீட்டில் மகள்தான் பெரிய ஆள். வெள்ளைச் சீருடை போட்டு, முதுகில் புத்தகப் பையும் இடுப்பில் இரண்டு வயதுத் தங்கையுமாக வெளியே வந்தாள். சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தாள்.

"ஏன் சப்பாத்து போடல?"

"மேல ஏறும்போது சேறாயிடும் டீச்சர். ரோட்டுக்கு எறங்கினதும் போட்டுக்குவேன்."

தங்கையைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும். தாய்மார் மலைக்குப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் நடத்துகிற இடம் அது. இரண்டு பிரிவுக்கும் பொதுவாக, மேட்டின் உச்சியில் இருந்தது. ஏறிப் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருந்தது. வாசலில் இன்னும் மூன்று பிள்ளைகள், இடுப்பில் தம்பி தங்கைகளோடு, பாடசாலைச் சீருடையில். அந்த மூவரும் என்னுடைய பதினேழு பேரில் அடக்கம். என்னைக் கண்டதும் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஏழரைக்குத்தான் பிள்ளைக் காம்பரா ஆயம்மா வந்து கதவைத் திறந்தார். தங்கை அக்காவின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருவழியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள். நடக்கவில்லை, ஓடினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குறுக்குப் பாதை. நான் இரண்டு இடத்தில் வழுக்கி, ஓரிடத்தில் உட்கார்ந்தே விட்டேன். அவள் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கினாள். நான் இல்லாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் முன்னால் போயிருப்பாள்.

பாடசாலைக் கேட்டுக்கு வரும்போது எட்டேகால். பூட்டியிருந்தது. காவலாளி என்னைக் கண்டதும் ஓடி வந்து ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்தார்.

"வாங்க டீச்சர்."

நான் உள்ளே போனேன். பின்னால் வந்த பிள்ளைக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் குழப்பம்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, யாரு வந்தாலும் விடாதேன்னு."

"அப்ப என்னை ஏன் விட்டீங்க?"

உண்மையில் அது அவரிடம் கேட்கிற கேள்வி இல்லை. மழை நாட்களில் ஹட்டன் பஸ் பிந்தி வரும். நான்கு ஆசிரியர்கள் அதில்தான் வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கேட் ஒரு நாளும் பூட்டியிருந்ததில்லை. பிள்ளையை உள்ளே விடச் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கேட்டுக்கு வெளியே நின்று போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடினாள்.

அன்று பிற்பகல் ஆசிரியர் கூட்டம் வைத்தேன். இனிமேல் கேட்டைப் பூட்டப் போவதில்லை என்றதும் மூத்த ஆசிரியர் எழுந்தார். வரலாறு கற்பிப்பவர். முப்பது வருடம் இதே பாடசாலையில் இருக்கிறார். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

"தொறந்து வுட்டா எட்டு மணிக்கு வர்றவன் நாளைக்கு ஒம்பது மணிக்கு வருவான் டீச்சர். நீங்க வந்துதான் இங்க ஒரு ஒழுங்கு வந்துச்சு. அதையும் கெடுத்துக்காதீங்க."

நான் காலையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் முதல் பாடவேளையைத் தினமும் தவற விடுகிற பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நீண்ட நேரம் பேசி, முதல் பாடவேளையில் எந்தப் பாடமும் வைக்காமல் எல்லா வகுப்புக்கும் வாசிப்பு நேரமாக ஆக்கலாம் என்று முடிவு செய்தோம். பிந்தி வருகிறவர்கள் வந்து சேர்ந்து வாசிக்கட்டும். இரண்டாம் பாடவேளையிலிருந்து நேரசூசி வழக்கம்போல நடக்கும். மற்றப் பாடவேளைகளில் இரண்டிரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டோம்.

அந்த வாசிப்பு நேரத்தை நாங்கள் வேறெந்தப் பெரிய நோக்கத்தோடும் தொடங்கவில்லை. பிந்தி வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எட்டாம் தரத்தில் நான் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக வந்திருந்தாள். அவளுடைய கொப்பிகளை முதலில் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கையெழுத்தை நான் நகரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வோர் எழுத்தும் அச்சுப் போல. கரும்பலகையில் எழுதிப் போட்டது ஒன்றுகூட விடுபடவில்லை. இவ்வளவு நல்ல மாணவியையா வெளியே நிறுத்தினேன் என்று மனம் கனத்தது. வரலாற்றுக் கொப்பியில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இதை வாசி," என்றேன்.

அவள் கொப்பியைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள்.

"வாசிம்மா. நீ எழுதினதுதானே?"

மெல்லச் சொல்லத் தொடங்கினாள். சரளமாகத்தான் வந்தது. ஆனால் அவள் கண் வரியில் ஓடவில்லை. நான் காட்டிய பக்கத்தில் இருந்தது வேறு பாடம். அவள் சொன்னது வேறு பாடம், ஆசிரியர் சொல்லக் கேட்டு மனதில் நின்றது. ஒரு சொல்லை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். மறுபடி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். இன்னும் சின்னதாக ஒரு சொல்லைத் தொட்டேன். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அவள் எழுதவில்லை. எட்டு வருடமாக எழுத்துகளைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் மூத்த ஆசிரியரைக் கூப்பிட்டு அந்தக் கொப்பியைக் காட்டினேன். "நல்ல பிள்ளை டீச்சர், நோட்ஸ் எல்லாம் கிளீனா வெச்சிருப்பா," என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த வாரம் முழுவதும் இருவருமாக ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, மூன்றாம் தர வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னோம். தட்டுத் தடுமாறாமல் வாசித்தவர்கள் பாதிக்கும் குறைவு. எழுத்தே பிடிபடாதவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். அவர்களில் பலருடைய கொப்பி அழகான கொப்பி.

கடைசிப் பிள்ளை போன பிறகும் அவர் அந்த மூன்றாம் தரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை. கூரைச் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"முப்பது வருஷமா நோட்ஸ் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன் டீச்சர். யாருக்குக் குடுத்தேன்?"

மறுநாள் காலையில் அவரே வந்து, எழுத்துத் தெரியாத அந்த இருபத்துச் சொச்சம் பேரையும் தன்னிடம் விடச் சொன்னார். சின்ன வகுப்பு ஆசிரியைகளிடம் கொடுக்கலாமே என்றேன். வேண்டாம் என்றார். "எட்டாம் தரத்துப் பிள்ளையைக் கொண்டு போயி மூணாம் தரத்துல ஒக்கார வெச்சா, அது நாளையில இருந்து வராது. நானு வரலாறு சேர். எங்கிட்ட வந்தா ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது."

விஞ்ஞான கூடத்தில் உடைந்த மேசைகளை ஒரு பக்கமாகத் தள்ளி அங்கே தொடங்கினார். மற்ற வகுப்புகளையும் வாசிப்பு நேரத்துக்கு மட்டும் கலைத்து, யாருக்கு எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப அறைகளைப் பிரித்தோம். ஆசிரியர்கள் பதினொரு பேரும் அதிபரும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இடம். நான் மரத்தடியில்.

வாசிக்கப் புத்தகம் போதவில்லை. இருந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கான யானை, பூனைக் கதைகள். பெரிய பிள்ளைகளுக்கு அதைத் தொடவே கூச்சம். மூத்த ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் எழுத்து உள்ள எதுவானாலும் கொண்டு வரச் சொன்னார். மறுநாள் மேசை நிறைந்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட், சவர்க்கார உறை, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஒரு பழைய நாட்காட்டி. ஒரு பையன் யூரியா மூட்டையின் சாக்கையே தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

எட்டாம் தரத்து அந்தப் பிள்ளை கொண்டு வந்தது தங்கையின் கிளினிக் கொப்பி. எடை, உயரம், ஊசி போட்ட தேதி எல்லாம் பதிகிற கொப்பி. 'எடை' என்பதுதான் அவள் தானாக எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல் என்று ஆசிரியர் என்னிடம் வந்து சொன்னார். அதை ஏதோ பதக்கம் வாங்கியதைப் போலச் சொன்னார். ஓரிரு மாதம் கழித்து ஒரு காலை, அவள் அந்தக் கொப்பியோடு என் மரத்தடிக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், இதுல அடுத்த ஊசின்னு போட்டிருக்கு. தேதி போன மாசம். அம்மாவுக்குத் தெரியாது டீச்சர்."

வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அடுத்த கிளினிக் நாளில் அவளுடைய அம்மா தங்கையைக் கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வந்தார். விடுகைப் பத்திரத்தைப் பற்றி அதன் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை.

பிள்ளைக் காம்பரா விஷயத்தை நான் அப்படியே விட்டுவிடவில்லை. ஆயம்மாவைக் கேட்டேன். "ஆறரைக்குத் தொறக்கச் சொன்னா தொறக்குறேங்க. யாரும் சொல்லலியே," என்றார். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை ஓர் இளம் சிங்களவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரிடம் விளக்கினேன். வாசலில் சீருடையோடு நிற்கிற பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நேரத்தை மாற்றி, ஆயம்மாவை மாலையில் முன்னதாக வீட்டுக்குப் போக விட்டார். நான் வருடக்கணக்கில் இழுபடும் என்று நினைத்தது பத்து நிமிடப் பேச்சில் முடிந்தது. பதினேழு பேரில் ஏழெட்டுப் பேர் அதன் பிறகு நேரத்துக்கே வந்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வேறு காரணம்; தூரம், சுகமில்லாத தாய், தண்ணீர்க் குழாய் வரிசை. அவர்கள் எட்டு மணிக்கு வந்தார்கள். வந்தார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரே ஒருவன் வரவில்லை. ஒன்பதாம் தரம். கேட்டில் நான்கைந்து நாள் நின்று பார்த்துவிட்டு வருவதையே விட்டுவிட்டவன். அவன் லயத்தைத் தேடி நானும் மூத்த ஆசிரியரும் போனபோது, கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவனுடைய அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கானாம் டீச்சர், மூணு வேளையும் சோறு போடுறாங்களாம்," என்றார். தொலைபேசியில் அவனோடு பேசினேன். வருகிறேன் என்று சொன்னான். வரவில்லை. நான் செய்ததற்கு அவன்தான் விலை கொடுத்தான். இதைத் திருத்தி எழுத எனக்கு வழி இல்லை.

இரண்டாம் தவணையில் வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். முதல் பாடவேளை நேரம். பத்தாம் தரத்து வகுப்பறையில் ஏழாம் தரமும் ஆறாம் தரமும் கலந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு திகைத்துப்போனார். நேரசூசியைக் கேட்டார். வலயம் அங்கீகரித்த பழையதுதான் இருந்தது. கொடுத்தேன்.

"இந்த நேரத்துக்குத் தரம் பத்துக்குக் கணிதம் போட்டிருக்கு. இங்க என்ன நடக்குது? யார் அனுமதி குடுத்தது?"

"யாருகிட்டயும் கேக்கல சேர். கணித டீச்சரும் இல்லை," என்றேன்.

"அதுக்காக அதிபர் நினைச்சபடி நடத்தலாமா? சுற்றறிக்கைன்னு ஒண்ணு இருக்கு."

நான் மன்னிப்புக் கேட்பதா விளக்கம் சொல்வதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது விஞ்ஞான கூடத்து வாசலில் மூத்த ஆசிரியர் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் உறை.

"சேர், ரிப்போர்ட் எழுதுறதுன்னா என் பேர்ல எழுதுங்க. நான் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. ஆனா எழுதுறதுக்கு முந்தி ஒரு தடவை உள்ள வந்து ஒக்காருங்க. ஒரு பாடவேளை மட்டும்."

கேட்டைத் திறக்கக் கூடாது என்று என்னோடு வாதாடிய அதே மனிதர்தான். அதிகாரி முகம் சுளித்தபடியே உள்ளே போனார். ஆடுகிற மேசை ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். பிள்ளைகள் அவருக்காக எதையும் விசேஷமாகச் செய்யவில்லை. செய்யவும் அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தி நோட்டீஸில் இருந்த சாமி பெயரில் திணறிக்கொண்டிருந்தாள். ஒருவன் உர மூட்டையைத் தரையில் விரித்துப்போட்டு அதன் மேல் குப்புறப் படுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி மெல்ல அவன் பக்கத்தில் குனிந்து, "எந்தத் தரம்?" என்று கேட்டார். "ஒன்பது சேர்," என்றான் அவன், தலை நிமிராமல்.

மணி அடிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார். இந்த வருட முடிவு வரை தொடரலாம், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் தவணைக்கு ஒரு முறை அறிக்கையாகத் தர வேண்டும், அடுத்த வருடம் நேரசூசியில் முறைப்படி சேர்க்க வேண்டும். போகும்போது என்னிடம், "மற்றப் பாடசாலைகளிலும் இப்படி வாசிக்கச் சொல்லிப் பார்த்தா என்ன வரும் டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டப் பாடசாலை அதிபர்கள் மூன்று பேரை அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூரைத் தகரம் இன்னும் பழையதுதான். கணிதத்துக்கு ஆள் வந்தது இரண்டு வருடத்துக்குப் பிறகு. முதல் வருட சாதாரண தரப் பரீட்சை முடிவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எழுதியவர்கள் பழைய பதினொன்றாம் தரம், அவர்களுக்கு நாங்கள் பிந்திவிட்டோம். ஆனால் ஆறாம் தரத்துக்கு இப்போது வருகிற பிள்ளைகளில் வாசிக்கத் தெரியாதவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மூத்த ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் வருகிறார். பிரியாவிடைக் கூட்டம் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளினிக் கொப்பி கொண்டு வந்த அந்தப் பிள்ளை மூன்று வருடம் கழித்துச் சாதாரண தரம் எழுதினாள். ஆறு பாடம் சித்தி, வரலாற்றில் நல்ல பெறுபேறு. கணிதம் போய்விட்டது. முடிவு வந்த அன்று அழுவாள் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் அழைத்தேன்.

"கணக்குத் திரும்ப எழுதுறேன் டீச்சர். புது சேர் சொல்லித் தர்றேன்னு சொல்லிட்டாரு," என்றாள். அழுதது நான்தான்.

இரண்டாம் முறை சித்தியடைந்தாள். இப்போது ஹட்டனில் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறாள். போன மாதம் ஒரு கூட்டத்துக்காக நானும் ஹட்டன் போக வேண்டியிருந்தது. முதல் நாள் பின்னேரம் வேலை முடியாமல் என் பாடசாலைப் பக்கத்திலேயே தங்கிவிட்டு, காலையில் ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கையில் அவள். எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தாள். நெருக்கி இருவருமாக உட்கார்ந்தோம். மடியில் தடித்த புவியியல் புத்தகம், ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க டீச்சர். தங்கச்சி உங்க ஸ்கூல்லதானே, அவ வீட்டுக்கு வந்தா என்னை விட மாட்டேங்கிறா. எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டணுமாம். நேத்து மருந்துப் போத்தல்ல எழுதியிருக்கிறதக்கூட முழுசா வாசிச்சா."

"நீ என்ன ஆகப் போற?"

"இன்னும் யோசிக்கல டீச்சர்," என்றாள். புத்தகத்தை மடியில் நேராக்கிக்கொண்டு, "கெம்பஸ் போகணும். அது மட்டும் முடிவு," என்றாள். பிறகு, நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தால் படிக்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ, "இன்னைக்கு டெஸ்ட் இருக்கு டீச்சர், ஒரு பத்து நிமிஷம் படிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போனது. அவள் விரல் வைக்காமல், வாய் அசைக்காமல், பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தாள். ஹட்டன் வரும் வரை நான் பேச்சே கொடுக்கவில்லை.